ஊருக்கு அவள் பெயர் தெரிந்த இரவு

ஸ்டீபன் கிங்கின் 'கேரி' (1974) என்று ஆரம்பித்தாலே பேச்சு நேராகப் பன்றி ரத்தத்துக்குத்தான் போகும். பிரையன் டி பால்மாவின் 1976 படம் அந்தக் காட்சியை அவ்வளவு அழுத்தமாகப் பதித்துவிட்டது. பள்ளி நடன விழா, மேடையில் மகுடத்தோடு ஒரு பெண், மேலிருந்து கவிழும் வாளி, பிறகு தீ. கொடுமை பண்ணினார்கள், திருப்பி அடித்தாள், சரிதான் என்று நமக்கும் மனசு ஆறிவிடும். நாவல் அந்த ஆறுதலைத் தருவதில்லை. எனக்கு அது முக்கியமாகப் படுவதே அதனால்தான்.

மெய்ன் மாநிலத்தில் சேம்பர்லைன் என்ற சிற்றூர். பள்ளிக் குளியலறையில் 16 வயது கேரிக்கு முதல் மாதவிலக்கு. அது என்னவென்றே தெரியாது. மதவெறி பிடித்த அம்மா சொல்லித் தந்ததில்லை. சாகப்போகிறோம் என்று அலறுகிறாள். கூடப் படிக்கிறவர்கள் நாப்கின்களை அவள்மேல் வீசிக் கத்துகிறார்கள். ஓடிவரும் ஆசிரியை ஓர் அறை விடுகிறார். இத்தனைக்கும் அவர் கெட்டவர் இல்லை, பின்னால் கேரிக்காக நிற்பவர். அவருக்கே ஒரு கணம் அருவருப்பு வந்துவிடுகிறது. கிங் காட்டும் ஊரில் கொடுமை செய்ய வில்லன்தான் வேண்டும் என்பதில்லை.

கதைக்கு நடுவே விசாரணைக் குழுவின் அறிக்கை, ஆய்வு நூல், செய்தித் துணுக்கு, தப்பிப் பிழைத்தவர்களின் நினைவுக்குறிப்பு என்று துண்டுகள் வந்துகொண்டே இருக்கின்றன. ஊர் அழியப்போவது முதலிலேயே நமக்குத் தெரிந்துவிடும். மனதால் பொருட்களை நகர்த்தும் சக்தி எந்த மரபணுவில் இருக்கிறது என்பதுதான் ஆய்வாளரின் கவலை. அன்றைக்கு ஏன் சிரித்தோம் என்று விளக்கி ஒருத்தி எழுதுகிறாள்: அத்தனை வருஷம் கழித்துக் கேரிக்காக அழ யாருக்கும் வரவில்லையாம். இத்தனை பேர் பேசுகிறார்கள், கேரியிடம் மட்டும் யாரும் கேட்டதில்லை.

படத்தில் தீ ஊர்முழுக்கப் பரவுவதில்லை. நாவலில் ஊரே எரிகிறது. தீயணைப்புக் குழாய்கள் திறந்துகொள்கின்றன, பெட்ரோல் பங்க் வெடிக்கிறது, மின்கம்பிகள் அறுந்து விழுகின்றன. அவளுக்கு ஒரு தீங்கும் செய்யாதவர்களும் சாகிறார்கள். பழிக்குப் பழி என்ற கணக்கு இங்கே உதைக்கிறது. அந்த இரவு கேரியை அதுவரை பார்த்தே இராதவர்களும் 'இது கேரி வைட்' என்று தெரிந்துகொள்கிறார்கள். அவள் மனம் ஊர்முழுக்கக் கேட்கிறது. எரிகிற நேரத்தில்தான் ஊருக்கு அவள் பெயர் தெரிகிறது. என்னைப் பயமுறுத்தியது ரத்தம் இல்லை, இந்த இடம்தான்.

ஒரு குறையும் சொல்ல வேண்டும். கேரியின் உடலை வர்ணிக்கும்போது கதைசொல்லியின் குரலிலும் அந்தக் குளியலறையின் இளக்காரம் எட்டிப் பார்க்கிறது. கேரியைத் தனக்குப் பிடித்ததே இல்லை என்று கிங்கே 'ஆன் ரைட்டிங்' நூலில் எழுதியிருக்கிறார். பள்ளி நாட்களில் பார்த்த இரண்டு பெண்களின் நினைவு வழியாகத்தான் அவளைக் கொஞ்சம் புரிந்துகொண்டாராம். பிடிக்காத ஒருத்தியைப் புரிந்துகொள்ளப் பார்க்கும் அந்த இழுபறி பக்கத்துக்குப் பக்கம் தெரிகிறது. அந்த வர்ணனைகளை நான் மன்னிக்கவில்லை; ஆனால் அந்த இழுபறி இல்லாமல் சூ ஸ்நெல் என்ற பாத்திரம் வந்திருக்காது என்று நினைக்கிறேன்.

சூ, குளியலறையில் நாப்கின் வீசியவர்களில் ஒருத்தி. பிறகு குற்றவுணர்வில் தன் காதலனையே கேரியோடு நடனத்துக்கு அனுப்புகிறாள். கடைசியில் செத்துக்கொண்டிருக்கும் கேரியைத் தேடிப் போகிறாள். அங்கே கேரி அவள் மனதுக்குள் நுழைந்து துழாவுகிறாள், வஞ்சகம் இருக்கிறதா என்று. இல்லை. ஒருவர் அவளை உண்மையில் சந்திப்பது அந்தச் சில நிமிடங்கள்தான். கத்தியால் குத்திய அம்மாவின் இதயத்தைத் தானே நிறுத்திவிட்டு வந்தவள், சாகும்போது அம்மாவைத்தான் கூப்பிடுகிறாள்.

பழிவாங்கும் கதை என்று நம்பி வந்தவருக்கு இங்கே கைதட்ட எதுவும் கிடைக்காது. படம் மட்டும் பார்த்தவர்கள் இந்தப் பக்கங்களுக்காகவாவது நாவலைப் படியுங்கள்.