எதிரணியைச் சுடாத வான்சண்டை

‘ஏஸ் காம்பாட் இன்ஃபினிட்டி’ என்ற போர்விமான கேமை இன்று அதிகாரபூர்வமாக விளையாட வழியில்லை. 2018 மார்ச் 31 அன்று, அதை வெளியிட்ட பண்டாய் நாம்கோ நிறுவனம் சர்வர்களை நிறுத்தியது. இணையத்தில் பிறரோடு ஆடும் பகுதி மட்டுமல்ல, தனியாக உட்கார்ந்து ஆடும் கதைப் பகுதியும் அன்றோடு போனது. உள்ளே நுழையவே சர்வர் வேண்டும் என்று கட்டப்பட்ட கேம் அது. ஆட முடியாத ஒன்றுக்கு ஏன் விமர்சனம் என்றால், அதில் இருந்த ஓர் ஆட்டமுறை அதன்பின் வேறெந்த விமான கேமிலும் எனக்குக் கிடைக்கவில்லை. அது எப்படி இருந்தது என்பதை ஆடியவர்கள்தான் எழுதி வைக்க வேண்டும்.

இன்ஃபினிட்டி 2014 மே மாதம், பிளேஸ்டேஷன் 3-க்கு மட்டும், இலவசமாக வந்தது. அதற்கு முன் இதே தொடரில் 2011-இல் வந்த ‘அசால்ட் ஹொரைஸன்’ கேமில், எதிரியின் வாலைப் பிடித்தால் விமானம் கிட்டத்தட்டத் தானே ஓடும். பல பழைய ரசிகர்களுக்கு அது பிடிக்கவில்லை. இன்ஃபினிட்டி அந்தச் சங்கதியை முழுவதுமாகத் தூக்கி எறிந்தது. திரும்புவது, வேகத்தைக் குறைத்து எதிரியை முன்னே விடுவது, ஏவுகணை பூட்டும் கணம் வரை பொறுப்பது என எல்லாம் மறுபடி நம் விரலுக்கே வந்தன. முக்கோண பட்டனை அழுத்திப் பிடித்தால் பார்வை இலக்கின் பக்கம் திரும்பும். தலைக்கு மேலே தப்பித்துப் போகும் மிக் போர்விமானம் ஒன்றைக் கண்ணால் தொடர்ந்துகொண்டே குச்சியை இழுத்து வளைவதில் இருக்கும் சுகம் இந்தத் தொடருக்கே உரியது. களத்தில் கூட்டம் கூடினால் படம் திணறத்தான் செய்யும். ஏறக்குறைய எட்டு வயதான அந்தக் கருவியிடம் அதற்கு மேல் கேட்க முடியாது.

கதை சுமார். கற்பனைக் கண்டங்களில் நடந்த பழைய பாகங்களின் சங்கதிகளை நிஜ உலகுக்குக் கொண்டுவந்து, 1999-இல் யுலிசிஸ் விண்கல் பூமியில் விழுந்ததாக வைத்து, அதைச் சுட்டு நொறுக்கும் ஸ்டோன்ஹெஞ்ச் பீரங்கிகளைத் துருக்கியில் நிறுத்தினார்கள். பெயர்கள் எல்லாம் 2001-இல் வந்த நான்காம் பாகத்திலிருந்து எடுத்தவை. பழைய ரசிகர்களுக்கு அவற்றைக் கேட்டதும் ஒரு பூரிப்பு, அவ்வளவுதான்.

கேமின் உயிர் இருந்தது, தொடக்கத்தில் நான் சொன்ன அந்த ஆட்டமுறையில், அதாவது ஆன்லைன் கூட்டுப் போரில். எட்டுப் பேர், நால்வர் நால்வராக ஆல்ஃபா, பிராவோ என்று இரண்டு அணி. இரண்டும் ஒரே வானில், ஒரே எதிரிப் படைக்கு எதிராகப் பறக்கும். அந்த எதிரியை இயக்குவது கணினி. எதிரணி விமானியை நாம் சுடுவதில்லை. அவரைவிட அதிகமாகச் சுட வேண்டும், நேரம் முடியும்போது எந்த அணியின் ஸ்கோர் கூடுதலோ அதற்கு வெற்றி.

கேட்க எளிதாக இருக்கும். ஆடினால்தான் அதன் நுட்பம் பிடிபடும். நாம் விட்ட ஏவுகணை போய்ச் சேருவதற்குள் இன்னொருவர் அதே இலக்கை வீழ்த்திவிடுவார். அவர் எதிரணியாக இருக்கலாம், நம் அணியாகவும் இருக்கலாம். நாலு பேரும் ஒரே மூலைக்குப் பாய்ந்தால் நாலு பேரின் ஏவுகணையும் வீண். ஆகவே பழகிய அணி வானத்தைப் பங்கு போட்டுக்கொள்ளும். ஏ-10 விமானம் வைத்திருப்பவர் தரையில் உள்ள டாங்கிகள் பக்கம் இறங்குவார். எஃப்-22 வைத்திருப்பவர் மேலே ஏறுவார். மூன்றாமவர் அடுத்த எதிரி அலை எங்கே முளைக்கும் என்று தெரிந்து அங்கே போய்க் காத்திருப்பார். முகம் தெரியாத மூன்று பேரோடு, ஒரு வார்த்தை பேசாமல், இந்த ஏற்பாடு தானாக அமையும்போது வரும் மகிழ்ச்சிக்காகத்தான் நான் திரும்பத் திரும்பப் போனேன்.

இன்னொரு நன்மையும் உண்டு. புதிதாக வந்தவர் இங்கே யாருக்கும் இரை அல்ல. ஒருவரை ஒருவர் சுடும் ஆன்லைன் சண்டைகளில் கற்றுக்குட்டி ஓடுபாதையைத் தாண்டுவதற்குள் விழுவார், வெறுத்துப்போய்க் கிளம்பிவிடுவார். இங்கே அவர் ஒரு ரேடார் கோபுரத்தை இடித்தாலும் அது அணிக்குச் சேரும். சில ஆட்டங்களின் முடிவில் எதிர்பாராமல் அவசரப் பணி ஒன்று வரும். அப்போது இரண்டு அணியும் போட்டியை விட்டுவிட்டு எட்டுப் பேராக ஒரே பெரிய எதிரியைத் துரத்தும். சற்று முன்வரை நம் இலக்குகளைத் தட்டிப் பறித்தவர் இப்போது நம் இறக்கையை ஒட்டிப் பறப்பார். பின்னணிக்குப் பழைய பாகங்களின் இசையையும் நாமே போட்டுக்கொள்ளலாம்.

பெருங்குறை எரிபொருள். ஒரு முறை பறக்க ஓர் அலகு. நான்கு மணி நேரத்துக்கு ஒன்றுதான் ஊறும், மூன்றுக்கு மேல் சேராது. கை சூடேறி ஆட்டம் பிடிபடும் வேளையில் தொட்டி காலி. தொடர வேண்டுமானால் தனியாகச் சேமித்து வைத்த எரிபொருளில் கைவைக்க வேண்டும், அல்லது காசு கொடுக்க வேண்டும். விமானங்களை மேம்படுத்துவதிலும் இதே இழுபறி; நிறைய பறந்தவருக்கும் புதியவருக்கும் இடைவெளி பெருகிக்கொண்டே போனது. ஒரு முறை விலை வைத்து விற்றிருந்தால் நான் யோசிக்காமல் வாங்கியிருப்பேன். ரசிகனின் நேரத்தைப் பூட்டி வைத்துச் சாவியை விற்பது இவ்வளவு நல்ல கேமுக்குச் செய்த அநியாயம்.

2019-இல் ஏழாம் பாகம் வந்தது. மேகங்களுக்குள் புகுந்தால் கண்ணாடியில் ஈரம் படியும் அழகு உட்பட எல்லாவற்றிலும் அது மேலான கேம். ஆனால் அதன் ஆன்லைனில் இருப்பவை இரண்டே: தனித்தனியாக அடித்துக்கொள்வது, அணியாக அடித்துக்கொள்வது. கூட்டுப் போர் இல்லை. ‘வார் தண்டர்’ போன்ற ஆன்லைன் போர் கேம்கள் இன்றும் நடக்கின்றன, ஆனால் அவற்றின் பொறுமையும் சுவையும் முற்றிலும் வேறு.

இன்ஃபினிட்டி நின்று சரியாக ஆறு ஆண்டு கழித்து, 2024 மார்ச் 31 அன்று, ‘தி க்ரூ’ என்ற கார் பந்தய கேமை யூபிசாஃப்ட் இதேபோல் நிறுத்தியது. அதுவும் தனியாக ஆடவே சர்வர் கேட்ட கேம். அதைக் காசு கொடுத்து வாங்கியவர்கள் வெகுண்டதில் தொடங்கிய இயக்கம் ஐரோப்பாவில் பத்து லட்சத்துக்கும் மேல் கையெழுத்து திரட்டியது. சேவையை நிறுத்தும்போது கேமை ஆடக்கூடிய நிலையில் விட்டுச் செல்ல வேண்டும் என்பது அவர்கள் கோரிக்கை. நியாயமான கோரிக்கை. இன்ஃபினிட்டியின் கூட்டுப் போரில் எதிரிகள் எல்லாரும் கணினி ஓட்டியவர்கள்தானே? சர்வர் இல்லாமல், வீட்டில் ஒருவர் தனியாகவாவது அந்தக் களங்களில் பறக்கும்படி ஒரு கடைசி அப்டேட் கொடுத்திருக்கலாம். அதைக்கூட விடுங்கள். கூட்டுப் போர் என்ற அந்த ஆட்டமுறை பண்டாய் நாம்கோவிடம்தான் இருக்கிறது. அடுத்த பாகத்தில், எரிபொருள் தொட்டி இல்லாமல், அதைத் திருப்பிக் கொடுத்தால் வெளியாகும் நாளிலேயே வாங்குவேன்.