ஒளிநாடாப் போட்டியும் தோட்டத்து லயங்களும்

தரத்தில் உயர்ந்த பீட்டாமேக்ஸ் தோற்றது, தரங்குறைந்த வி.எச்.எஸ். வென்றது, ஆகவே உலகம் நல்லதைப் போற்றுவதில்லை. ஒளிநாடாக்களின் வரலாற்றைப் பேசுவோர் பெரும்பாலும் இவ்வாறே முடிவு கட்டுகின்றனர். கேட்பதற்கு இனிய கூற்றுத்தான்; ஆராய்ச்சிக்கு நிற்பதன்று.

சோனி நிறுவனம் பீட்டாமேக்ஸை 1975இல் வெளியிட்டது. ஜே.வி.சி.யின் வி.எச்.எஸ். 1976இல் வந்தது. அமெரிக்க, ஜப்பானிய ஒளிபரப்பு முறையில் முன்னது தொடக்கத்தில் ஒரு மணி நேரமே பதிந்தது. பின்னது இரண்டு மணி நேரம் பதிந்தது. முழுப்படமும் ஒரே நாடாவில் அடங்கியதே வெற்றிக்குக் காரணம் என்பர். அமெரிக்காவுக்கு இது பெரிதும் பொருந்தும். மலேசியா மேற்கொண்டதோ பி.ஏ.எல். முறை. இம்முறையில் எல்-750 என்னும் பீட்டா நாடா மூன்று மணி நேரத்தையும் சற்றுக் கடந்து ஓடும். ஈ-180 என்னும் வி.எச்.எஸ். நாடா மூன்று மணி நேரம் ஓடும். இரண்டரை மணி நேரத் தமிழ்ப்படம் இரண்டிலுமே அடங்கிவிடும். எனவே கோல சிலாங்கூர் வட்டாரத்திற்கும் நீளத்தையே காரணமாகக் காட்டுவது, பிறர் கணக்கை நம் ஏட்டில் எழுதுவதாகும்.

ஜே.வி.சி. தன் முறையைப் பல நிறுவனங்களோடு பகிர்ந்துகொண்டது. பொறிகள் பல பெயர்களில் வந்தன; விலையும் இறங்கிற்று. ஆனால், காரணத்தின் மறுபாதி கடையில் இல்லை, லயத்தில் இருக்கிறது. புக்கிட் ரோத்தான், ஈஜோக், பத்தாங் பெர்ஜுந்தை (2007 முதல் பெஸ்தாரி ஜெயா) முதலிய இடங்களைச் சூழ்ந்த தோட்டங்களில் ஒளிநாடா தனி ஒருவரின் உடைமையாக இருந்ததில்லை. பட்டணத்தில் வாடகைக்கு எடுத்த நாடா, திரும்பிச் செல்லுமுன் வீடு வீடாகச் சுற்றிவரும். அண்டை வீட்டுப் பொறியில் ஓடாத நாடா எத்துணைத் தெளிவாயினும் என்ன பயன்? பொறி வாங்கச் சென்றவர் படத்தின் தெளிவை அளந்து பார்க்கவில்லை. அண்ணன் வீட்டில் எது இருக்கிறது என்றே பார்த்தார். இதை அறியாமை என்பது பொருந்தாது. ஓலைச்சுவடிகளும் இவ்வழியே பிழைத்தன. உ.வே.சாமிநாதையர் பல படிகளை ஒப்புநோக்கியே 1887இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தார். பலர் படியெடுத்த நூலுக்கே அந்த வாய்ப்பு இருந்தது.

1988இல் சோனியே வி.எச்.எஸ். பொறிகளைச் செய்யத் தொடங்கியது. 1993இல் உருவான வி.சி.டி. வட்டு நீளக் கொள்கையை அடியோடு மறுக்கிறது. ஒரு வட்டில் 74 நிமிடமே அடங்கும்; தமிழ்ப்படத்திற்கு இரண்டு வட்டு வேண்டும், சிலவற்றிற்கு மூன்று. படத்தின் தெளிவும் நாடாவினும் மேம்பட்டதென்று சொல்வதற்கில்லை. எனினும் தென்கிழக்காசியாவில் அது நாடாவை வீழ்த்தியது. படியெடுப்பது எளிது, ஈரக்காற்றில் நாடாவைப்போல் பூஞ்சணத்திற்கு இரையாவதுமில்லை.

வி.எச்.எஸ். பொறிகளைக் கடைசிவரை செய்துவந்த ஃபுனாய் நிறுவனமும் 2016இல் அதனை நிறுத்திவிட்டது. அக்காலத் திரைப்படங்கள் வட்டுக்கும் பிறவற்றுக்கும் மாறிப் பிழைத்தன. தோட்டத்துத் திருமணங்களும், தமிழ்ப்பள்ளி விளையாட்டு விழாக்களும், ஆண்டிறுதியில் மாணவர் நடித்த நாடகங்களும் அதே நாடாக்களில்தாம் பதியப்பட்டன. தோட்டங்கள் பல கைமாறின. லயத்து மக்கள் பட்டணங்களுக்குச் சிதறினர். அவர்கள் கொண்டுசென்ற நாடாக்கள் அலமாரிகளில் வெண்பூஞ்சணம் பூத்துக் கிடக்கின்றன. மாணவர் நாடகத்திற்குப் பெரும்பாலும் உள்ளது அந்த ஒரே படி.