நாற்காலியை விட்டுக் கட்டிலருகே

கோலார் தங்கவயலில் நிரந்தர வேலை என்றால் கம்பெனி வேலைதான் என்று தலைமுறை தலைமுறையாக நம்பினார்கள். 1880இல் ஜான் டெய்லர் கம்பெனி தங்கம் எடுக்கக் கால் வைத்ததில் தொடங்கிய அந்த நம்பிக்கை, 2001 பிப்ரவரி 28 அன்று பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் (பி.ஜி.எம்.எல்.) மூடப்பட்டபோது முடிந்தது. அதற்குப் பிறகு தலையெடுத்த பிள்ளைகள் விடிவதற்கு முன் மாரிக்குப்பத்தில் ரயிலேறி, பங்காருப்பேட்டை வழியாக பெங்களூர் போகிறார்கள். பில் போடுவது, டேட்டா என்ட்ரி, கணக்கு எழுதுவது என்று ஏதோ ஒரு நாற்காலி கிடைக்கிறது. மாதம் பிறந்தால் சம்பளம், பி.எஃப். பிடித்தம், ஞாயிற்றுக்கிழமை லீவு. அந்த நாற்காலியை விட்டுவிட்டு ஆஸ்பத்திரியில் நோயாளி உதவியாளராகப் போகலாமா என்று யோசிப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். போகலாம் என்பதே என் கருத்து. ஆனால் அந்த வேலையிலேயே நின்றுவிடுவதற்காகப் போகக் கூடாது.

இந்தப் பணி தங்கவயலுக்குப் புதிதல்ல. 1940 முதல் 1946 வரை இங்கே 7,000க்கும் மேற்பட்ட சுரங்கத் தொழிலாளர்களைப் பரிசோதித்தார்கள். நூற்றுக்கு நாற்பது பேருக்கு மேல் சிலிகோசிஸ் இருந்தது. கல் தூசி நுரையீரலில் படிந்து இறுகும் அந்த நோய்க்கு இன்றுவரை மருந்து இல்லை. மூச்சு வாங்கும் மனிதரை முதுகில் தலையணை வைத்துச் சாய்த்து உட்கார வைத்ததும், இரவெல்லாம் விழித்திருந்து சளியைத் துடைத்ததும் தொழிலாளர் குடியிருப்பான லைன் வீட்டுப் பெண்கள்தான். அதற்குக் கூலியும் இல்லை, சான்றிதழும் இல்லை. அந்த வீடுகளில் வளர்ந்த ஒருவருக்கு, நோயுற்ற உடம்பைக் கண்டு முகம் சுளிக்காத பழக்கம் பாதியாவது வந்திருக்கும். இந்த வேலைக்கு அது பெரிய முதல்.

பயிற்சியும் எட்டாத தூரத்தில் இல்லை. 'ஜெனரல் டியூட்டி அசிஸ்டென்ட்' என்ற பெயரில் நடக்கும் படிப்பு சில மாதங்களில் முடிந்துவிடும். பத்தாவது படித்திருந்தால் சேரலாம். குறுகிய படிப்பு என்பதால் சுலபமான வேலை என்று நினைத்துவிடக் கூடாது. படுத்த படுக்கையாக இருப்பவரை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் போட வேண்டும். தவறினால் இடுப்பிலும் குதிகாலிலும் தோல் சிவக்கும். அந்தச் சிவப்பை அன்றே பார்த்துச் சொன்னால் பிழைத்தது. விட்டால் எலும்பு தெரியுமளவுக்குப் புண் குழிந்துவிடும். குழாய் வழியே சிறுநீர் சேரும் பையை எப்போதும் நோயாளியின் மூத்திரப்பை மட்டத்துக்குக் கீழே தொங்கவிட வேண்டும், தரையிலும் படக் கூடாது. நோயாளியைக் கட்டிலிலிருந்து சக்கர நாற்காலிக்கு மாற்றும்போது இடுப்பை வளைத்துத் தூக்கினால், சில வருடங்களில் தூக்கியவரே நோயாளியாகிவிடுவார். முழங்காலை மடக்கித் தூக்கச் சொல்லித் தராத பயிற்சி நிலையத்துக்குப் பணம் கட்ட வேண்டாம். வார்டுக்குள் போவதற்கு முன் ஹெபடைட்டிஸ் பி தடுப்பூசி மூன்று தவணையும் போட்டிருக்க வேண்டும். ஆறு மாதம் பிடிக்கும் விஷயம், வேலையை விடும் முன்பே தொடங்கிவிடலாம்.

குறை வேலையில் இல்லை, வேலைக்குப் போட்டிருக்கும் சட்டகத்தில் இருக்கிறது. ஏணியே இல்லாத உத்தியோகம் இது. பத்து வருடம் பார்த்தாலும் உதவியாளர் உதவியாளர்தான். செவிலியருக்குப் பதிவு உண்டு, கவுன்சில் உண்டு. உதவியாளருக்கு அந்தப் பதிவு கிடையாது. இந்தச் சான்றிதழைக் காட்டி ஜி.என்.எம். என்னும் செவிலியர் படிப்பில் ஒரு நாளைக்கூடக் குறைக்க முடியாது. பெரும்பாலான இடங்களில் ஆள் எடுப்பது ஆஸ்பத்திரி அல்ல, கான்ட்ராக்ட்காரர். வீட்டுக்கே ஆள் அனுப்பும் பெங்களூர் ஏஜென்சிகளில் பன்னிரண்டு மணி நேர ஷிப்ட் சாதாரணம், தங்கிப் பார்க்கும் வேலைக்கு நேரக் கணக்கே கிடையாது. பாட்டியைப் பார்த்துக்கொள்ள வந்தவரிடம் பாத்திரம் தேய்க்கச் சொல்லும் வீடுகளும் இருக்கின்றன. ஆகவே, சேரும் முன் கேட்க வேண்டியவை சம்பளத்தைத் தாண்டியும் உண்டு. நேரடி நியமனமா, இ.எஸ்.ஐ. எண் தருவார்களா, இரவு ஷிப்டுக்குப் பிறகு ஓய்வு நாள் உண்டா, ஓர் ஆளுக்கு எத்தனை கட்டில்?

வீட்டில் எழும் எதிர்ப்பைப் பழமைவாதம் என்று ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை. இந்தச் சுரங்கத்தில் இறங்கியவர்களில் பெரும்பங்கினர் வட ஆற்காட்டிலிருந்து வந்த தலித் மக்கள். அடுத்தவர் கழிவைத் தொடும் வேலை யார் தலையில் கட்டப்பட்டது என்பது அவர்களுக்கு யாரும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. மகனையோ மகளையோ நாற்காலியில் உட்கார வைக்க அவர்கள் பட்ட பாடு கொஞ்சமல்ல. 'பீ அள்ளவா உன்னைப் படிக்க வெச்சேன்?' என்று அப்பா கேட்டால் அந்தக் கோபத்தில் ஒரு வரலாறு இருக்கிறது. சேவை, தியாகம் என்ற பேச்சு அதற்குப் பதிலாகாது. நியாயமான கூலியும் மேலே ஏற வழியும்தான் பதில்.

அவருக்குச் சொல்ல இன்னொன்றும் உண்டு. சுரங்கத்தோடு மூடிய பி.ஜி.எம்.எல். ஆஸ்பத்திரியை 2021இல், கொரோனா இரண்டாம் அலையின்போது, தன்னார்வலர்கள் இறங்கித் துடைத்துப் பெருக்கித் திறந்தார்கள். கட்டடமும் கட்டிலும் சில நாட்களில் தயாராகிவிடும். கட்டிலருகே நிற்கத் தெரிந்த ஆட்களை அப்படித் தயாரிக்க முடியாது. இந்த ஊருக்கே அவர்கள் தேவை.

ஊரை விட்டுப் போக நினைப்பவருக்கு ஜப்பான் போகும் வழியும் இருக்கிறது. 2021இல் இந்தியாவும் ஜப்பானும் வேலைக்கு ஆள் அனுப்புவது பற்றிச் செய்துகொண்ட உடன்பாட்டில் முதியோர் பராமரிப்பும் அடக்கம். ஜப்பானிய மொழித் தேர்வும் பராமரிப்புத் திறன் தேர்வும் எழுதியாக வேண்டும். மொழிக்கு உழைக்கத் தயாராக இருப்பவருக்கு நல்ல வாய்ப்புத்தான், ஏஜென்ட் கேட்கும் முன்பணத்தை மட்டும் நம்பிக் கொடுத்துவிடக் கூடாது.

முடிவெடுக்கும் முன் வயதைப் பாருங்கள். பிளஸ் டூ முடித்து முப்பதை எட்டாதவர் உதவியாளர் வேலையில் ஓராண்டு இருந்து, தன்னால் முடியுமா என்று அறிந்துகொண்டு, மூன்றாண்டு ஜி.என்.எம். படிப்புக்குப் போகலாம். பெண்களுக்கு ஏ.என்.எம். என்னும் இரண்டாண்டு துணைச் செவிலியர் படிப்பும் உண்டு. ஜி.என்.எம். சேர்க்கைக்கு உச்சவரம்பு 35 வயது. முப்பத்து நான்கில் யோசிப்பவருக்கு அந்த ஓராண்டைச் செலவழிக்க நேரமில்லை. நாற்காலியில் இருந்தபடியே விண்ணப்பம் போட்டு, இடம் கிடைத்த பிறகு ராஜினாமா எழுதட்டும்.