விமானம் ஏன் விழுகிறது? – ஒரு நூலும் அதன் குறையும்

சிறிய விமானம் ஒன்று விழுந்தால், "எஞ்சின் நின்றுவிட்டதாம்" என்று பேசிக்கொள்கிறோம். எஞ்சின் நன்றாக ஓடும்போதே விமானம் விழக்கூடும் என்பதை நம்மில் பலர் அறிவதில்லை. இதை எல்லோருக்கும் புரியும்படி விளக்கிய நூல், உல்ஃப்காங் லாங்கவீஷே என்ற விமானி எழுதி 1944-இல் அமெரிக்காவில் வெளிவந்த 'ஸ்டிக் அண்ட் ரடர்'. விமானம் ஓட்டப் பயில்வோர் இன்றும் இதைப் படிக்கின்றனர்.

நூலின் மையக் கருத்து ஒன்றே: காற்று எந்தக் கோணத்தில் இறக்கையைத் தாக்குகிறது? இக்கோணம் ஏறக்குறைய 15 பாகையைத் தாண்டினால், இறக்கையின் மேற்பரப்பை ஒட்டி ஓடும் காற்று பிரிந்துவிடும். தூக்கு விசை சட்டென்று குறையும். இதையே 'ஸ்டால்' என்கின்றனர். மீள வேண்டுமானால் கட்டுப்பாட்டுத் தண்டை முன்னே தள்ள வேண்டும். ஆனால் தரை நெருங்குவதைக் கண்ட மனிதன் தண்டைத் தன் பக்கம் இழுக்கவே முனைகிறான். இந்த முரண்பாட்டை ஆசிரியர் விளக்கும் விதம் பாராட்டத்தக்கது.

கணிதத்தை அவர் பெரிதும் தவிர்த்துவிட்டார். மாணவர்களாகிய நீங்கள் அதைச் சேர்த்துக்கொள்ளலாம். உயரம் குறையாமல் 60 பாகை சாய்ந்து திரும்பும் விமானத்தின் இறக்கை, எடையைப்போல் 2 மடங்கு விசை தர வேண்டும். ஸ்டால் நிகழும் வேகம் இதன் வர்க்கமூல அளவில், அதாவது 1.41 மடங்கு உயரும். நேராகப் பறக்கையில் மணிக்கு 80 கி.மீ. வேகத்தில் ஸ்டால் ஆகும் விமானம், இப்போது 113 கி.மீ.யிலேயே ஸ்டால் ஆகிவிடும்!

நூலின் குறை யாது? விமானியின் தவறான புரிதலையே அது பெரிதும் எதிர்க்கிறது. சரியாகப் புரிந்தவனின் கவனமும் சிதறலாம் அல்லவா? 2014 மே 31 அன்று கொலராடோ மாநிலத்தில் வாட்கின்ஸ் அருகே செஸ்னா 150 விமானம் விழுந்து இருவர் இறந்தனர். 'செல்ஃபி விபத்து' என்று செய்தி பரவியது. அமெரிக்கத் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியத்தின் முடிவோ வேறு: இரவில், மேகமூட்டத்தில் விமானியின் திசையுணர்வு தடுமாறி, கட்டுப்பாடு இழந்து ஸ்டால் ஏற்பட்டதே முதற்காரணம், தாழப் பறக்கையில் கைப்பேசியால் கவனம் சிதறியது துணைக்காரணம்.

'தாழ' என்ற சொல்லைக் கவனியுங்கள். தடையின்றி விழும் பொருள் 100 மீட்டரைக் கடக்க 4.5 விநாடியே ஆகும். உயரே இருந்தால் தவறை உணர்ந்து திருத்த நேரம் உண்டு. தாழ இருந்தால் இல்லை.

இந்நூலைப் படியுங்கள். இறக்கையின் இயல்பை இதைவிடத் தெளிவாகக் கூறும் நூல்கள் குறைவு. ஆனால் அந்த அறிவைப் பயன்படுத்த, விமானியின் கண்ணும் கருத்தும் பறத்தலில் இருக்க வேண்டும்.