வெள்ளியில் பதிந்த முகம்

வெள்ளியோ வெண்மை, அதிலே பொறிக்கப்பட்டதோ, வெண்மையே மேன்மை என்று இறுமாந்திருந்தோரால் ஒதுக்கி வைக்கப்பட்ட இனத்தைச் சேர்ந்தவரின் முகம்! 1946-ஆம் ஆண்டு அமெரிக்காவில் வெளியிடப்பட்ட புக்கர் டி. வாஷிங்டன் நினைவு நாணயத்தைக் கலைப்படைப்பாகவே கொண்டு ஆராய்வோம். மதிப்பு அரை டாலர். எடை பன்னிரண்டரை கிராம். பத்தில் ஒன்பது பங்கு வெள்ளி. கடைவீதியிலே புழங்குவதற்காக அன்று. பெரியோர் நினைவைப் பேழையில் வைத்துப் போற்றுவோர் வாங்குவதற்கென்றே அடிக்கப்பட்டது.

யார் இந்தப் புக்கர் வாஷிங்டன்? 1856-இல் வர்ஜீனியாவின் தோட்டமொன்றில் அடிமையாகப் பிறந்தவர். 1881 முதல் டஸ்கீகி கல்வி நிலையத்தைக் கட்டி வளர்த்தவர். கல்வியும் கைத்தொழிலுமே தம் மக்களை உயர்த்தும் என்று நம்பியவர். அவர் முகத்தை வடித்தவர் ஐசக் ஸ்காட் ஹாத்தவே என்னும் கறுப்பினச் சிற்பி. அமெரிக்க நாணயத்துக்கு வடிவம் தந்த முதல் கறுப்பினத்தவர் அவரே. இச்சிறப்பை மறுப்பார் எவருமிலர்.

நாணயத்தின் பின்புறத்தைப் பார்ப்போம். ஓர் அடிமைக் குடில்; அதற்கு மேலே, பெரியோர் சிலைகளைத் தாங்கி நிற்கும் நியூயார்க் புகழ் மண்டபம். 'அடிமைக் குடிலிலிருந்து புகழ் மண்டபத்துக்கு' என்பது அங்கே பொறித்த வாசகம். மன்னர் முகமும் மாளிகைத் தோற்றமும் நாணயத்தில் ஏறக் கண்ட உலகிலே, குடிலுக்கும் இடந்தந்த துணிவை நாம் பாராட்டுகிறோம்.

ஆயினும், அவ்வாசகம் நம் நெஞ்சை உறுத்துகிறது. குடிலையும் மண்டபத்தையும் ஒரே வரி இணைத்துவிட்டது. இடையே நின்ற மதிற்சுவர் எங்கே? இனம் பிரித்து வைப்பது சட்டத்துக்கு முரணன்று என 1896-இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நாணயம் பிறந்த 1946-இலும் தென் மாநிலங்களில் அதுவே நடைமுறை. பள்ளி தனி, பேருந்தில் இருக்கை தனி, குடிநீர்க் குழாயுங்கூடத் தனி! நாணயம் எவர் பணப்பையிலும் நுழையலாம். அதில் முகம் பதித்தவரின் இனத்தார், வெள்ளையர் உண்ணும் விடுதியிலே நுழைதல் ஆகாது! ஒருவர் ஏறினார் என்று காட்டிய கலை, மற்றவரை ஏறவிடாமல் தடுத்தது எது என்று காட்டவில்லை. முயன்றால் உயரலாம் என்னும் அறிவுரை, உயராதவன் முயலாதவன் என்னும் பழியாக மாறுவது இப்படித்தான்.

விற்பனை வரலாறோ இன்னும் விந்தை. அவர் பிறந்த இடத்தில் நினைவகம் எழுப்ப நிதி திரட்டுவதே நோக்கம். ஐம்பது இலட்சம் நாணயம் வரை அடிக்கச் சட்டம் இசைந்தது. பிலடெல்பியா, டென்வர், சான் பிரான்சிஸ்கோ ஆகிய மூன்று நாணயச் சாலைகளிலும் 1951 வரை ஆண்டுதோறும் அடித்தனர். சாலைக்கொரு வகை, ஆண்டுக்கொரு வகை. அத்தனையும் வாங்கினால்தான் தொகுப்பு நிறையும்! போற்றவேண்டிய முகத்தை மறந்து, ஆண்டையும் அடையாளக் குறியையும் தேடி அலைவதா நினைவு போற்றல்? விலைபோகாதவை பல இலட்சம். அவை உருக்கப்பட்டன. அந்த வெள்ளியைக்கொண்டே, புக்கரையும் வேளாண் அறிவியல் அறிஞர் ஜார்ஜ் வாஷிங்டன் கார்வரையும் அருகருகே பொறித்த வேறொரு நாணயம் 1951 முதல் 1954 வரை வெளிவந்தது.

அதிலே குடிலும் மறைந்தது! அமெரிக்க நிலப்படம் வந்தது. 'அனைவர்க்கும் விடுதலையும் வாய்ப்பும்' என்ற முழக்கம் வந்தது. கறுப்பின மக்களிடையே பொதுவுடைமை பரவாது தடுப்பதற்கு வருவாயைச் செலவிடவேண்டும் என்று அதற்கான சட்டமே கூறிற்று. பெரியோரைப் போற்றினரா? அன்றி, அப்பெரியோர் முகத்தைக் காவலுக்கு நிறுத்தினரா?

பள்ளிகளில் இனம் பிரிப்பது அரசமைப்புக்கு முரண் என அதே உச்ச நீதிமன்றம் 1954 மே 17-இல் தீர்ப்பளித்தது. அதைப் பெற்றுத் தந்தது வெள்ளி நாணயமன்று. தம் பிள்ளைகளுக்காக வழக்குமன்றம் ஏறிய பெற்றோரும், அவர்க்காக வாதாடிய வழக்கறிஞரும் ஆவர். அனைவர்க்கும் வாய்ப்பு என்று முழங்கிய நாணயம் அடிக்கப்பட்ட இறுதி ஆண்டும் அதுவே.

ஹாத்தவேயின் கைத்திறனில் குறையில்லை. குடிலை வடித்தது உண்மை வடித்ததே. குறை, அவ்வுண்மையைப் பாதியிலே நிறுத்திய வாசகத்தில் இருக்கிறது. பெரியோர் முகம் பொறித்த வெள்ளியை வாங்குவோர் வாங்கட்டும், பேழையிலும் வைக்கட்டும். வைக்குமுன் ஒருமுறை திருப்பிப் பார்த்து, இவர் ஏறிய பின் ஏணியை எடுத்தவர் யார் என்று கேட்கட்டும். அக்கேள்வி எழுந்தால், அதுவே அப்பெரியோர்க்கு நாம் செய்யும் சிறப்பு!