கழித்தல் மட்டும் தெரிந்த பத்தியம்

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் நிதியுதவியோடு நடந்த நாடு தழுவிய நீரிழிவு ஆய்வு 2023இல் வெளியானது. நாட்டில் பெரியவர்களிடையே நீரிழிவு 11.4 சதவீதம், புதுச்சேரியில் 26.3. கோவா மட்டுமே 26.4 சதவீதத்துடன் ஒரு மயிரிழை முந்தியிருந்தது. நான்கு பேர் உள்ள வீட்டில் ஒருவருக்குச் சுகர் என்றால், அந்த வீட்டுச் சமையலறையில் ஒரு தாளும் இருக்கும்: கிளினிக்கில் கொடுத்த உணவுப் பட்டியல். சர்க்கரை, வெல்லம், தேன், கிழங்கு, மாம்பழம், பலாப்பழம் கூடாது. சோறு ஒரு கப். இரவு இரண்டு சப்பாத்தி. ரத்தச் சர்க்கரைக்காக எழுதப்பட்ட இந்தத் தாள் மனதுக்கு என்ன செய்கிறது என்பதை யாரும் கணக்கெடுப்பதில்லை.

தாளால் நன்மையே இல்லை என்று தள்ளிவிட முடியாது. சுகர் என்று தெரிந்த முதல் வாரத்தில் மிரண்டு நிற்பவருக்கு, நாளை காலை என்ன சாப்பிடுவது என்பதற்கு ஒரு விடை கிடைக்கிறது. சர்க்கரை ஏறிக் கிடந்தால் இரவில் நாலு முறை சிறுநீருக்கு எழுந்து, பகலெல்லாம் அசதி. அந்த நிலையில் யாருக்கும் மனம் தெளிவாக இருக்காது. சர்க்கரை கட்டுக்குள் வந்தால் தூக்கம் திரும்புகிறது, எரிச்சல் குறைகிறது. இந்த அளவுக்குத் தாள் மனதுக்கும் மருந்துதான்.

சிக்கல், அதற்குக் கழித்தல் மட்டுமே தெரியும் என்பது. 1944–45இல் அமெரிக்காவின் மினசோட்டாவில் 36 ஆரோக்கியமான இளைஞர்களுக்கு மாதக்கணக்கில் உணவைக் கிட்டத்தட்டப் பாதியாகக் குறைத்துப் பார்த்தார்கள். எடையோடு மனமும் இறங்கியது. சோர்வு, சிடுசிடுப்பு, எந்நேரமும் சாப்பாட்டைப் பற்றிய நினைப்பு. நம் பத்தியம் அந்த அளவு பட்டினி அல்ல, இரண்டையும் ஒன்றாக்கக் கூடாது. ஆனால் வாயைக் கட்டினால் மனம் சும்மா இருக்காது என்பதற்கு அது போதிய சாட்சி.

பசியைவிட மோசமானது வீட்டாரின் காவல். விருந்தில் கேசரிக் கிண்ணத்தை நோக்கிக் கை போனதும் நாலு பக்கமிருந்தும் ‘உங்களுக்குச் சுகர்’ என்று குரல் வரும். ஒரு வாய் தின்றவர் குற்றவாளியாகிறார். அடுத்த வாயைத் திருட்டுத்தனமாகத் தின்கிறார். நீரிழிவோடு வாழ்வதன் மனச்சுமையை அளக்க வில்லியம் பொலான்ஸ்கியும் உடன் பணியாற்றியவர்களும் 1995இல் வெளியிட்ட இருபது கேள்விகளில், உணவு மறுக்கப்பட்ட உணர்வும் பிறர் தொந்தரவும் இடம்பெற்றிருப்பது தற்செயல் அல்ல. பெண்களின் கதை வேறு. ஆண் நோயாளிக்குச் சப்பாத்தி சுட ஒருவர் இருக்கிறார், பெண் நோயாளிக்கு யார்? எல்லோருக்கும் வடித்துப் போட்டபின் மிஞ்சிய சோறுதான் அவள் பத்தியம். மாத்திரையைப் போட்டுவிட்டு வேலை முடியட்டும் என்று சாப்பாட்டைத் தள்ளிப்போடுபவர்களுக்கு, சில வகை மாத்திரைகளால் லோ சுகர் வரும்: வியர்வை, படபடப்பு, காரணமில்லாக் கோபம். அதை வெறும் பதற்றம் என்று வீடே முடிவுகட்டிவிடும்.

இவ்வளவு கஷ்டத்துக்கும் சர்க்கரையாவது இறங்குகிறதா? முதலில் சொன்ன நாடு தழுவிய நீரிழிவு ஆய்வின் உணவுப் பகுதி 2025இல் வந்தது. இந்தியர்கள் எரிசக்தியில் 62 சதவீதத்தை மாவுச்சத்திலிருந்தே பெறுகிறார்கள். வெள்ளை அரிசிக்குப் பதில் கோதுமை மாவு, சிறுதானிய மாவு என்று மாற்றுவது மட்டும் நீரிழிவு அபாயத்தைக் குறைப்பதோடு தொடர்புடையதாகத் தெரியவில்லை. மாவுச்சத்தில் ஒரு பங்கைக் குறைத்துப் பருப்பு, பால் போன்றவற்றின் புரதத்தை வைப்பதே தொடர்புடையதாக இருந்தது. ஏற்கெனவே நோயுள்ளவர்களைப் பற்றிய முடிவு அல்ல அது. ஆனாலும் இரவுச் சப்பாத்தியின் புனிதம் அதில் ஆட்டம் காண்கிறது. சோறு பிடித்தவரைச் சப்பாத்திக்கு விரட்டியதில் லாபம் சொற்பம், வருத்தம் முழுசு. கைப்பிடிச் சோறு, மேலே மீன் குழம்பு, ஒரு கிண்ணம் சுண்டல், கீரை என்று கூட்டி எழுதினால் தட்டு நிறையும், ஆளும் நிறைவார். கடலோரப் புதுச்சேரியில் இவை அரிய பொருள்கள் இல்லை.

எதிர்முனையில் இன்னொரு மிகை இருக்கிறது: சரியாகச் சாப்பிட்டால் மனச்சோர்வே போய்விடும் என்பது. அதற்குக் காட்டப்படும் பெரிய சான்று 2017இல் ஆஸ்திரேலியாவில் ஃபெலிஸ் ஜாக்கா குழு வெளியிட்ட ஆய்வு. பன்னிரண்டு வாரம் காய்கறி, பருப்பு, மீன், ஆலிவ் எண்ணெய் உண்ட குழுவில் 32 சதவீதத்தினர் சோர்விலிருந்து மீண்டனர். பேச்சுத் துணை மட்டும் பெற்ற குழுவில் 8 சதவீதம். நம்பிக்கை தரும் முடிவுதான். ஆனால் மொத்தம் 67 பேர், நீரிழிவுக்காகத் தேர்ந்தெடுக்கப்பட்டவர்களும் அல்லர். இதை வைத்து மனநல மருந்தை நிறுத்தச் சொல்பவர் பொறுப்பற்றவர்.

உணவுக்கும் மனதுக்கும் உறுதியான தொடர்பு வேறிடத்தில் இருக்கிறது. தாள் அங்கே வாய் திறப்பதில்லை. மெட்ஃபார்மின் மாத்திரையை ஆண்டுக்கணக்கில் எடுத்தால் வைட்டமின் பி12 குறையக்கூடும். சைவ உணவில் அது பால், தயிர் தவிர வேறெதிலும் இயல்பாகக் கிடைப்பது அரிது. குறைந்தால் மரமரப்பு, மறதி, சோர்வு. எல்லாம் சுகர் வேலை என்று விட்டுவிடுகிறார்கள். ஒரு ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும். மது விஷயத்திலும் ஏறக்குறைய அப்படியே. புதுச்சேரியில் அச்சடிக்கும் தாள் ‘மது தவிர்க்கவும்’ என்ற ஒற்றை வரியோடு கடந்துபோவதை என்னவென்று சொல்வது? வெறும் வயிற்றில் குடித்தால், இன்சுலின் போடுபவருக்கு லோ சுகர் ஆபத்து என்றாவது எழுத வேண்டாமா?

மாற்று வழி நாட்டிலேயே சோதிக்கப்பட்டிருக்கிறது. சென்னை, பெங்களூரு, டெல்லி, விசாகப்பட்டினம் ஆகிய இடங்களில் நீரிழிவும் மனச்சோர்வும் சேர்ந்த 404 பேரிடம் நடந்த ஆய்வு 2020இல் வெளியானது. மருத்துவர் அல்லாத ஒருங்கிணைப்பாளர்கள் நோயாளிகளோடு தொடர்ந்து பேசி, நிபுணர்களிடம் கலந்து சிகிச்சையைச் சரிசெய்தார்கள். இரண்டு ஆண்டுகளில் மனச்சோர்வு பாதியாகக் குறைந்து, சர்க்கரை, ரத்த அழுத்தம், கொழுப்பு ஆகியவற்றில் ஒன்றாவது முன்னேறியவர்கள் 71.6 சதவீதம், வழக்கமான சிகிச்சையில் 57.4. உணவைத் தனியே பிரித்து அந்த ஆய்வு சோதிக்கவில்லை, ஆகவே தட்டுதான் மனதைத் தேற்றியது என்று சொல்ல அதில் இடமில்லை. நோயாளியிடம் திரும்பத் திரும்பக் கேட்க ஒரு ஆள் இருந்தார் என்பது முக்கிய வித்தியாசம். ஜிப்மர் மருத்துவமனை இருக்கும் புதுச்சேரி என்ற இந்தச் சின்ன ஊரில் அப்படி ஆள் வைப்பது எட்டாத காரியமல்ல. அதற்கு மாதச் சம்பளம் ஒதுக்க வேண்டும். தாளுக்கு அச்சுக்கூலி போதும்.