மூலம் எது? – சூழொலி மறுவெளியீடுகள் பற்றி

பிங்க் ஃபுளொயிட் குழுவினரின் 'த டார்க் சைட் ஒஃப் த மூன்' 1973இல் வெளிவந்தது. 'டைம்' பாடலின் தொடக்கத்தில் அடிக்கும் கடிகாரங்களை ஒலிப்பதிவாளர் அலன் பார்சன்ஸ் முதலில் பதிவுசெய்தது, நான்கு ஒலிபெருக்கிகளில் ஒலிக்கும் குவாட்ரபோனிக் முறையைச் செய்துகாட்டுவதற்காகவே. எனவே அவை எம்மைச் சூழ்ந்து ஒலிப்பதைப் பிற்கால ஒப்பனை என ஒதுக்கிவிட முடியாது.

ஆயினும் 2003இல் வந்த ஜேம்ஸ் கத்ரியின் 5.1 கலவையும், 2011இல் பெட்டித் தொகுப்பில் சேர்க்கப்பட்ட பார்சன்ஸின் பழைய குவாட்ரபோனிக் கலவையும் ஒன்றல்ல; ஒரே பதிவின் இரு வாசிப்புகள். சேகரிப்பாளர்களாகிய நாமோ எது அசல் என்று வாதாடியே பொழுதைக் கழிக்கிறோம். மறுவெளியீட்டை மொழிபெயர்ப்பைப் போல எடைபோடுவதே நியாயம்: மறைந்துகிடந்த எதனைக் கேட்கவைக்கிறது? இறுகி நின்ற எதனைச் சிதறடிக்கிறது? இதற்குப் பழைய இரு ஒலிபெருக்கிப் பதிவே எமது அளவுகோல். புதியதை வாங்குவோம், பழையதை விற்றுவிடக்கூடாது.